அப்பாவோட மார்க் 1.9

உங்க சி.ஜி.பி.ஏ. எவ்வளவு? டக்குனு சொல்லிடுவீங்க, ரெண்டு டெசிமல் வரைக்கும்! எத்தனை அரியர்? கொஞ்சம் முனகலா வந்தாலும் கரெக்ட்டா வரும். உங்க பைக் எவ்வளவு மைலேஜ் கொடுக்குது? அதுவும் விரல் நுனியில. சரி, கடைசிக் கேள்வி... உங்க அப்பாவோட கிரியேட்டினின் எவ்வளவு?

முழிக்காதீங்க. பத்து மாசத்துக்கு முன்னாடி என்கிட்டே கேட்டிருந்தா நானும் இதே முழிதான். 'ஜிம் பசங்க பால்ல கலக்கிக் குடிப்பாங்களே, அந்தப் பவுடரா?'னு கேட்டிருப்பேன். (அது கிரியேட்டின். இது கிரியேட்டினின். ஒரே ஒரு 'னி'தான் வித்தியாசம். ஆனா, எங்க வீட்டையே உலுக்கிப் போட்ட 'னி' அது!)

எங்க அப்பா நாமக்கல்ல லாரி டிரைவர். வயசு 52. சுகர் கிடையாது, சிகரெட் கிடையாது. 'நமக்கெல்லாம் ஒண்ணும் வராது கண்ணு'ங்கிற டயலாக் மட்டும் ஸ்டாக் நிறைய உண்டு. லாரிப் பேட்டையில ஒருநாள் இலவச மருத்துவ முகாம் போட்டிருக்காங்க. சும்மா டீ குடிக்கப் போன மனுஷனைக் கூப்பிட்டு உட்காரவெச்சு பி.பி. பார்த்திருக்காங்க. 160-க்கு 100. ரத்தமும் எடுத்திருக்காங்க. ரெண்டு நாள் கழிச்சு ரிசல்ட் வந்தது. கிரியேட்டினின் 1.9.

ஹாஸ்டலுக்கு போன் பண்ணின அப்பா சிரிச்சுக்கிட்டே சொன்னார்... "நூத்துக்கு 1.9 மார்க் வாங்கியிருக்கேன் கண்ணு. நீயாச்சும் பரவாயில்ல!"

நானும் சிரிச்சேன். நார்மல் என்னன்னு தேடிப் பார்த்தா, ஆண்களுக்கு ஏறக்குறைய 0.7-ல இருந்து 1.3 வரைக்கும்னு இருந்தது. 'ஜஸ்ட் 0.6 தானே கூட. அட்டெண்டன்ஸ்ல நம்ம ஷார்ட்டேஜ் இதைவிட அதிகம்'னு விட்டுட்டேன்.

அங்கதான் ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டா நான் வெட்கப்படணும். ஏன்னா, அது நேர்கோடு இல்லை பாஸ்... வளைகோடு!

கிரியேட்டினின்ங்கிறது நம்ம தசைகள்ல இருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவுல கிளம்புற கழிவு. அதை வெளியே தள்ளுறது கிட்னியோட வேலை. கிட்னி எவ்வளவு குறைவா வடிகட்டுதோ, அவ்வளவு ரத்தத்துல தேங்கும். அதாவது, ஒண்ணுக்கு ஒண்ணு தலைகீழ் விகிதம். y = 1/x கிராஃப் ஞாபகம் இருக்கா? ப்ளஸ் டூவில் போட்டோமே, அதேதான். தோராயமா ஒரு கணக்கு போடுங்க. 1.0 இருந்தவருக்கு 2.0 ஆச்சுன்னா, வடிகட்டும் திறன்ல பாதி போயாச்சு. 4.0 ஆச்சுன்னா முக்கால்வாசி காலி. அதுக்கப்புறம் 4-ல இருந்து 8-க்கு எகிறினாலும் புதுசா இழக்கிறது எட்டுல ஒரு பங்குதான். பார்க்க பயங்கரமா இருக்கிற பின்பாதியில இழக்க மிச்சம் அதிகம் இல்லை. 'ஜஸ்ட் கொஞ்சம்தான் கூட'ன்னு நாம கடந்துபோற முன்பாதியிலதான் எல்லாம் போகுது.

அதனாலதான் இப்பல்லாம் லேப் ரிப்போர்ட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.'னு இன்னொரு நம்பரும் போடுறாங்க. வயசையும் ஆணா பெண்ணாங்கிறதையும் சேர்த்து, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு சொல்ற மதிப்பீடு. 60-க்குக் கீழே மூணு மாசத்துக்கு மேல நீடிச்சா நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனா டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம்னு பேச்சு ஆரம்பிக்கும். அப்பாவோட 1.9-ஐ அந்த ஃபார்முலாவுல போட்டா வருவது 42.

நூத்துக்கு 42. இப்ப அது நிஜமாவே மார்க் மாதிரி இருக்கா?

முகாம் டாக்டர் மூணே விஷயம்தான் சொல்லியனுப்பினார். பி.பி. மாத்திரையைத் தினமும் போடணும். முதுகுவலிக்குப் போடுற மாத்திரையை இன்னிக்கே நிறுத்தணும். ஒரு மாசத்துல யூரின் டெஸ்ட்டோட திரும்ப வரணும்.

கட் பண்ணா... எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்!

'கிட்னியில பிரச்னையாம்'னு அம்மா ஒரு வரி போட்டதுதான் தாமதம். பெரியப்பா, 'வெறும் வயித்துல வாழைத்தண்டு ஜூஸ்' என்றார். சித்தி, 'பார்லி தண்ணி'. அத்தை, 'மூக்கிரட்டைக் கீரை சாமி, பத்தே நாளு'. மாமா, 'டெய்லி ரெண்டு இளநீர்'. பக்கத்து வீட்டு ஆயா நேர்லயே வந்து, பொங்கலுக்குக் காப்பு கட்டுற பூளைப்பூவைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிட்டுப் போனாங்க. எல்லாருமே அப்பா மேல உசிரையே வெச்சிருக்கிறவங்க. ஒருத்தர்கூட கெட்டது நினைக்கலை.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? படிச்ச புள்ளையாச்சே! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து வீடியோவா பார்த்தேன். 'டயாலிசிஸ் வேண்டாம், 48 நாளில் கிட்னி புதுசு'னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். கீழே 'கடவுள் சார் நீங்க' கமென்ட் வேற. ரூ.1,800-க்கு ஒரு மூலிகைப் பொடி. ஆர்டர் போட்டது அப்பா இல்லை, அம்மா இல்லை, வாட்ஸ்அப் மாமா இல்லை. சாட்சாத் நான்தான்! மெஸ் பில்லுக்கு வெச்சிருந்த காசு அது.

அப்பாவுக்கு ஏக சந்தோஷம். "இங்கிலீஷ் மருந்துதான் மொதல்ல கிட்னியைக் கெடுக்கும் கண்ணு. இது இயற்கை பாரு"ன்னார். காலையில வாழைத்தண்டு ஜூஸ், ரோட்டுல இளநீர், ராத்திரி என் பொடி. ரொட்டீன் செட் ஆகிடுச்சு.

எங்களுக்குத் தெரியாம நடந்தது வேற. 'அதான் பொடி சாப்பிடுறேனே'ங்கிற தைரியத்துல பி.பி. மாத்திரையை நாலாவது நாளே நிறுத்திட்டார். முதுகுவலி மாத்திரையை நிறுத்தவே இல்லை!

இருபத்தாறாவது நாள், 'கை கால் எல்லாம் ஒரு மாதிரி தளர்ச்சியா இருக்கு'ன்னு பாதி லோடுலயே திரும்பி வந்திருக்கார். அம்மா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்காங்க. கிரியேட்டினின் 2.4. பொட்டாசியம் 5.9. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் வேற எதுவும் பேசாம முதல்ல இ.சி.ஜி. எடுக்கச் சொல்லி, அப்பவே அட்மிஷன் போட்டிருக்கார்.

நான் கோயம்புத்தூர்ல இருந்து பஸ் ஏறிப் போய்ச் சேரும்போது ராத்திரி பத்தரை. டாக்டர் என்கிட்ட பொறுமையாத்தான் சொன்னார். "பொட்டாசியம் 5-க்கு மேல போகக் கூடாதும்மா. ஏற ஏற இதயத் துடிப்போட ரிதமே மாறும். திடீர்னு நின்னும்கூடப் போகலாம். நல்ல கிட்னின்னா எக்ஸ்ட்ரா பொட்டாசியத்தை வெளியே தள்ளிடும். இவர் கிட்னியால முடியலை. ஒரு இளநீர்ல மட்டும் 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கும். வாழைத்தண்டு, கீரைச் சாறு எல்லாத்துலயும் உண்டு. வேகவெச்சு தண்ணியை வடிச்சா கொஞ்சம் குறையும். பச்சையா ஜூஸ் போட்டா மொத்தமும் உள்ளே போகும்."

எனக்கு ஓடின காட்சி ஒண்ணே ஒண்ணுதான். ராத்திரி, ஹைவே, பின்னாடி பதினாறு டன் லோடு, ஸ்டீயரிங்ல அப்பா. அவர் நெஞ்சுக்குள்ள ரிதம் மாறுது. கையில, நான் அனுப்பின பொடி டப்பா.

அந்த டப்பாவை எடுத்துக்கிட்டு அடுத்த நாள் ஒருத்தர்கிட்ட போனேன். யார்கிட்டன்னு சொன்னா ஆச்சர்யப்படுவீங்க. அரசு மருத்துவமனையிலயே இருக்கிற சித்த மருத்துவப் பிரிவு டாக்டர்கிட்ட! 'இந்தப் பொடியில என்ன இருக்கு'ன்னு கேட்கத்தான் போனேன்.

அவர் டப்பாவை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். "உற்பத்தி உரிம எண் எங்கே? பேட்ச் நம்பர் எங்கே? என்னென்ன சரக்கு, எத்தனை கிராம்னு எங்கே எழுதியிருக்கு?" எதுவுமே இல்லை. 'மூலிகைகள்'னு ஒரே வார்த்தை. "லேபிள்ல இதெல்லாம் இல்லைன்னா இது சித்த மருந்தே இல்லைம்மா. வெறும் பொடி. சட்டப்படி எங்க மருந்துக்கும் லைசென்ஸ் உண்டு. அப்பாவோட ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்காம நானே எதுவும் தர மாட்டேன். வீடியோல வர்றவர் பார்த்தாரா?" என்றவர், இன்னொண்ணும் சொன்னார். "வாழைத்தண்டு, நெருஞ்சில், பூளைப்பூ எல்லாம் கல்லடைப்புக்குச் சொல்றது. உங்க அப்பாவுக்குக் கல்லா இருக்கு?"

இல்லையே! அப்பாவுக்குக் கல்லே இல்லையே!

அங்கதான் எங்க மொத்தக் குடும்பமும் எங்க சறுக்கினோம்னு புரிஞ்சது. நாம 'கிட்னி பிராப்ளம்'னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறோம். கல் வேற, செயலிழப்பு வேற பாஸ். கல்லுங்கிறது பைப்புல அடைப்பு. 'தண்ணி நிறையக் குடி, யூரின் நல்லாப் போகட்டும்'ங்கிறது அதுக்குச் சரி. செயலிழப்புங்கிறது ஃபில்டரே போறது. ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய பத்து லட்சம் குட்டிக் குட்டி ஃபில்டர்கள். ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி, தேவையானதைத் திரும்ப உறிஞ்சி, ஒன்றரை ரெண்டு லிட்டரை மட்டும் வெளியே அனுப்புது. (ஃபில்டர் டிசைன்ல அரியர் வெச்சிருக்கிற நான் இதைச் சொல்றது கொஞ்சம் ஓவர்தான்!) போன ஃபில்டர் திரும்ப முளைக்காது. அந்த நிலையில சிலருக்குத் தண்ணியையே அளந்து குடிக்கச் சொல்வாங்க. ஒருத்தரோட வைத்தியம் இன்னொருத்தருக்கு ஆபத்தாகிறது இப்படித்தான்.

'சரி, இயற்கைதானே, பெருசா என்ன கெடுதல் வந்துடும்?'னு உங்களுக்கும் தோணலாம். எனக்கும் தோணுச்சு. தேடிப் படிச்சேன். இந்த முறை வீடியோ இல்லை, மருத்துவ இதழ்கள்.

1990-களின் தொடக்கத்துல, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்துல உடம்பு இளைக்க ஒரு கிளினிக்கில் மூலிகை மாத்திரை கொடுத்தாங்க. நல்லா இருந்த பெண்களுக்கு வரிசையா கிட்னி பழுதாச்சு. 1993-ல விஷயம் மருத்துவ இதழில் வந்தது. கடைசியில் பாதிப்பு நூறு பேரைத் தாண்டுச்சு. பலருக்கு டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம். காரணம், ஒரு சீன மூலிகைக்குப் பதிலா, பெயர்ல நெருக்கமா இருந்த இன்னொரு மூலிகை கலந்திருந்தது. அதுக்குள்ள இருந்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம். கிட்னியை அழிக்கும், புற்றுநோயையும் கொண்டுவரும்.

'அது ஏதோ பெல்ஜியம்'னு தள்ளிவைக்க முடியாது. அந்தச் செடியோட சொந்தக்காரங்க நம்ம ஊர் வேலியிலயும் இருக்காங்க. ஆடுதின்னாப்பாளைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? அதே குடும்பம், அதே அமிலம். நாட்டு மருந்துல ரொம்ப நாளா இருக்கிற செடிதான். பெயரை இன்னொரு தடவை மெதுவா படிங்க. ஆடு தின்னாப் பாளை. எதைக் கண்டாலும் மேயுற ஆடே வேணாம்னு ஒதுங்குது. நாம 'இயற்கை'ன்னு ஒதுங்காம நிக்கிறோம்!

இன்னொண்ணு இன்னும் பக்கத்துல. நம்ம ஊர் மருத்துவர்கள் 2022-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கிட்னியோட ஃபில்டர் சவ்வைத் தாக்கி, யூரின்ல புரதத்தை ஒழுகவிடும் ஒரு நோய். அது வந்தவங்கள்ல ஒரு பகுதிப் பேர் நாட்டு மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க. சோதிச்ச மருந்துகள்ல பாதரசம் இருந்தது. மருந்தை நிறுத்தினதும் பலருக்கு நோய் தணிஞ்சது.

அதேபோல, ஸ்டார் ஃப்ரூட். பார்க்க அழகா, உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடுவோமே, அதேதான். பழுதான கிட்னிக்காரங்களுக்கு அது நரம்பு விஷம். விடாத விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகும். ஒரு பழமே போதும்.

உடனே 'அப்போ இங்கிலீஷ் மருந்துதான் பெஸ்ட்டா?'னு கொடி பிடிக்காதீங்க. அப்பா சொன்ன 'இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுக்கும்'ல பாதி உண்மை இருக்கு. அந்தப் பாதி அவர் சட்டைப் பாக்கெட்டிலேயே இருந்தது.

முதுகுவலி மாத்திரை! டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையறா. டாக்டர் எழுதிக் கொடுத்தது அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, அஞ்சு நாளைக்கு. அப்பா சாப்பிட்டது அஞ்சு வருஷமும். "ஒரு நாளைக்கு ஒண்ணு, நெட்டு டிரிப்புன்னா ரெண்டு. அவ்வளவுதானுங்க சார்"னு டாக்டர்கிட்ட ரொம்ப அப்பாவியா சொன்னார். மெடிக்கல் ஷாப்ல சீட்டு கேட்டதே இல்லையாம். கிட்னி ஃபில்டருக்குள்ள ரத்தம் வர்ற இன்லெட் குழாயைத் திறந்து வெச்சிருக்க உடம்பு ஒரு பொருளைச் சுரக்குது. வலி மாத்திரை அதைத்தான் தடுக்குது. குழாய் சுருங்கும், ஃபில்டருக்கு ரத்தம் குறையும். வழியில யூரின் போக வண்டியை நிறுத்தணுமேன்னு தண்ணியும் குடிக்க மாட்டார். கேபின் சூட்டுல உடம்பு வறண்டு கிடக்கும். அது மேல இந்த மாத்திரை. ஏறிக்கிடந்த பி.பி. வேற. ஆக, பொடி வர்றதுக்கு முன்னாடியே கிட்னி அடி வாங்க ஆரம்பிச்சாச்சு.

'எதனாலதான் டாக்டர் 2.4 ஆச்சு? பொடியா, வலி மாத்திரையா, பி.பி. மாத்திரையை விட்டதா?'னு கேட்டேன். "பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. பொடியில என்ன இருந்ததுன்னே தெரியலையே"ன்னார். இன்னிக்கு வரைக்கும் எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். அந்தப் பொடி செஞ்ச பெரிய கெடுதல், அப்பாவுக்கு அது தந்த தைரியம்.

இப்ப கொஞ்சம் நல்ல சேதி. பொட்டாசியம் இறங்கி, உடம்பு தேறினதும் டாக்டர் ரெண்டு மாத்திரை எழுதினார். நான் வழக்கம்போல ரெண்டையும் தேடினேன். படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதல் மாத்திரை பி.பி.க்கு. ராமிப்ரில் வகை. அதோட பூர்வீகம் என்ன தெரியுமா? பாம்பு விஷம்! பிரேசில்ல ஜராராகான்னு ஒரு விரியன். அது கடிச்சா ரத்த அழுத்தம் சரியும். செர்ஜியோ ஃபெரேரான்னு ஒரு பிரேசில் விஞ்ஞானி, அந்த விஷத்துல இருந்த ஒரு பொருளை 1965-ல ஆய்வுக் கட்டுரையா எழுதினார். அதைப் பிடிச்சுக்கிட்டே போய், 1981-ல அமெரிக்காவில் முதல் மாத்திரை அனுமதி வாங்குச்சு. ஃபில்டரோட அவுட்லெட் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, உள்ளே ஏறிக்கிடக்கிற பிரஷரைக் குறைக்கிறது இதோட வேலை.

ரெண்டாவது, டாபாக்ளிஃப்ளோசின். இது ஆப்பிள் மரத்துல இருந்து கிளம்பின கதை. 1835-ல ஐரோப்பிய வேதியியல்காரங்க ஆப்பிள் மர வேர்ப்பட்டையில இருந்து ஒரு பொருளைப் பிரிச்சாங்க. பெயர் ஃப்ளோரிசின். அது உள்ளே போனா யூரின்ல சர்க்கரை வெளியேறும்னு பிறகு தெரிஞ்சது. ஆனா அப்படியே மருந்தாக்க முடியலை. குடல் அதைச் சரியா உறிஞ்சலை, வயித்தாலையும் போச்சு. அதோட மூலக்கூறை மாத்தி மாத்தி வடிவமைச்சு சுகர் மாத்திரையாக்கினாங்க. அப்புறம்தான் அது கிட்னியையும் காப்பாத்துறது தெரிஞ்சது. 2020-ல வெளிவந்த பெரிய ஆய்வுல 4,304 நோயாளிகள். சுகர் இல்லாதவங்களும் உண்டு. கிட்னி ரொம்ப மோசமாகிறது, கிட்னி அல்லது இதயம் தொடர்பான மரணம்னு எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டதுல ஆபத்து 39 சதவிகிதம் குறைஞ்சது. இந்தியாவில் முதல் காப்புரிமையும் 2020-ல முடிஞ்சதால, நிறைய கம்பெனிகள் போட ஆரம்பிச்சு விலையும் இறங்கிடுச்சு.

பாம்பும் மரப்பட்டையும்! இதைவிட 'நேச்சுரல்' வேணுமா பாஸ்? அப்போ என் டப்பாவுக்கும் இந்த மாத்திரைக்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தர் அளந்தார், இன்னொருத்தர் அளக்கலை. உள்ளே என்ன இருக்கு, எத்தனை மில்லிகிராம், யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது, எத்தனை பேர்கிட்ட பார்த்தாங்க... எல்லாத்துக்கும் பதில் இருக்கிறது மருந்து. பதில் இல்லாதது, செடியில இருந்து வந்தாலும் சரி, ஃபேக்டரியில இருந்து வந்தாலும் சரி, சூதாட்டம். வர்றது வேரா, மாத்திரையான்னு கிட்னி லேபிள் படிச்சுப் பார்க்கிறது இல்லை. உள்ளே என்ன மூலக்கூறோ, அதைத்தான் பார்க்கும்.

இந்த மாத்திரைகளை ஆரம்பிச்சப்பவும் ஒரு கிளைமாக்ஸ் வந்துச்சு. 1.8-க்கு இறங்கியிருந்த கிரியேட்டினின், மூணே வாரத்துல 2.0 ஆச்சு. வாட்ஸ்அப் குரூப் பொங்கிடுச்சு. 'அப்பவே சொன்னோமே!' ஆனா டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "உள்ளே பிரஷரைக் குறைக்கிறதால முதல்ல கொஞ்சம் ஏறும். 30 சதவிகிதம் வரைக்கும் பார்ப்போம், பயந்து நிறுத்திடாதீங்க. அதுக்குத்தான் ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்றேன்." நான் குரூப்ல கிராஃப் போட்டு விளக்கினேன். யாருக்கும் புரியலைன்னு நினைக்கிறேன். ஆனா யாரும் நிறுத்தச் சொல்லலை.

எங்க வீட்டுல நிஜமான இயற்கை வைத்தியம் இப்ப அம்மா கையில நடக்குது. பெயர், உப்பு டப்பா. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கட்டும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாம ஏறக்குறைய ரெண்டு மடங்கு சாப்பிடுறோம். அப்பளம், ஊறுகாய், கருவாடு, பேக்கரி மிக்சர் எல்லாத்துக்கும் அப்பா டாட்டா சொல்லிட்டார். 'சாதா உப்புதானே கெட்டது, இந்துப்பு போடலாமே'ன்னு அத்தை கேட்டாங்க. இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்க அதே சோடியம் குளோரைடுதான் அத்தை! 'லோ சோடியம்' உப்பு இன்னும் ரிஸ்க். அதுல சோடியத்துக்குப் பதிலா சேர்க்கிறதே பொட்டாசியம்தான். சாயங்காலம் அரை மணி நேரம் நடை. முதுகுக்கு மாத்திரைக்குப் பதிலா பிசியோதெரபி. முணுமுணுத்துக்கிட்டே செய்றார். இலவசம். பக்கவிளைவு, அம்மாகூட பேசிக்கிட்டே நடக்கிறது!

போன மாசம் டெஸ்ட். கிரியேட்டினின் 1.7. பொட்டாசியம் 4.6. பி.பி. 128-க்கு 80. '48 நாளில் புதுசு' ஆகலை. ஆகவும் ஆகாது. போனது போனதுதான். ஆனா சறுக்கு மரத்துல வழுக்கிட்டு இருந்தவர் ஒரு கம்பியைப் பிடிச்சு நின்னுட்டார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்பி உறுதியா இருக்கான்னு பார்க்கணும். ஆயுசுக்கும்.

அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது நீங்க செய்ய வேண்டியது சிம்பிள். அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் பி.பி., சுகர், ரத்தத்துல கிரியேட்டினின், யூரின்ல புரதம்... வருஷத்துக்கு ஒரு தடவை இந்த நாலு டெஸ்ட். சுகர், பி.பி. இருக்கிறவங்களுக்குக் கட்டாயம். கிட்னியைக் கெடுக்கிறதுல முதல் ரெண்டு இடமும் அந்த ரெண்டுக்குத்தான். கால் வீக்கம், யூரின்ல அடங்காத நுரைன்னா தள்ளிப்போடவே வேணாம். ஆனா பாதி கிட்னி போற வரைக்கும் எந்த அறிகுறியும் தெரியாமலே இருக்கலாம். அதனால 'நல்லாத்தானே இருக்கேன்'ங்கிற டயலாக்கை நம்பாதீங்க. அப்படியே அவங்க மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. வலி மாத்திரை அட்டை எத்தனை இருக்கு?

யாராவது கஷாயம், பொடி, லேகியம் சொன்னா சண்டை போடாதீங்க. அவங்க அன்புலதான் சொல்றாங்க. மூணே மூணு கேள்வி கேளுங்க. உள்ளே என்ன? எவ்வளவு? அப்பாவோட ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத் தர்றீங்களா? முறையாப் படிச்ச சித்த மருத்துவர்னா சந்தோஷமா பதில் சொல்வார். டப்பா விக்கிறவர் அடுத்த வீடியோவுக்குப் போயிடுவார். கிட்னிக் கல், சிறுநீரக நோயைக் குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதையே தடுக்க 1954-லயே சட்டம் போட்டாச்சுன்னும் அவருக்கு ஒரு வரி ஞாபகப்படுத்துங்க. முக்கியமா, டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்க. 'திட்டுவார்'னு அப்பா பொடியைப் பத்தி முதல்ல வாயே திறக்கலை. நான் டப்பாவை டேபிள் மேல வெச்ச பிறகுதான் டாக்டருக்கே தெரிஞ்சது.

அப்பாகிட்ட ஒருநாள் தைரியமா ஸாரி கேட்டேன். "பொடி வாங்கி அனுப்பினது நான்தானேப்பா."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், "நீ அனுப்புனேன்னுதான் கண்ணு ஒரு நாள் விடாம சாப்பிட்டேன்"னார்.

அதுக்கப்புறம் நான் பேசலை. இப்ப தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஹாஸ்டல்ல இருந்து ஒரு மிஸ்டு கால். அவர் வண்டியை ஓரம்கட்டி மாத்திரையைப் போட்டுட்டு, ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுப்பார். பைசா செலவு இல்லை. ரெண்டு பேருக்கும் தூக்கம் வருது.

என் சி.ஜி.பி.ஏ. 7.12. அப்பாவோட கிரியேட்டினின் 1.7. ரெண்டையும் இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடுத்த வாரம் நாம சந்திக்கும்போது நீங்களும் ரெண்டு நம்பர் சொல்லணும், டீலா? வர்ட்டா!